ஜாஸ் கிட்டார்: முதலில் யாரைக் காப்பியடிப்பது?

ஜாஸ் கிட்டாரில் ஓராண்டைத் தாண்டியவர்கள் எனக்கு எழுதினால் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். "ஸ்கேல் (சுர வரிசை) எல்லாம் விரலுக்கு வந்துவிட்டது. கார்டும் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) நிறையத் தெரியும். சோலோ வாசித்தால் மட்டும் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருக்கிறது. என்ன செய்யட்டும்?" பழைய ஆட்களில் ஒருவரைப் பிடித்து, காதால் கேட்டு, அச்சு அசலாகக் காப்பியடியுங்கள் என்று பதில் போடுவேன். மறுநாளே அடுத்த கேள்வி வந்து நிற்கும்: "யாரை?"

இந்த இடத்தில்தான் பலர் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். திங்கட்கிழமை வெஸ், புதன்கிழமை ஜாங்கோ, சனிக்கிழமை யாரோ இன்ஸ்டாகிராமில் வாசித்த நாலு பார் (தாளச் சுற்று). ஒன்றும் முழுசாக வருவதில்லை. ஆகவே ஐந்து பேரை வரிசையாக நிறுத்திப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்: சார்லி கிறிஸ்டியன், ஜாங்கோ ரைன்ஹார்ட், வெஸ் மான்ட்கோமரி, கிராண்ட் கிரீன், ஜிம் ஹால். இன்னும் பத்துப் பெயர் சேர்க்கலாம். ஆனால் தயங்கி நிற்பவர்களின் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருபவை இவைதான்.

காப்பியடிப்பதா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு சாட்சி போதும். வெஸ் மான்ட்கோமரி ஆறு தந்திக் கிட்டாரைப் பிடித்தது ஏறக்குறைய இருபது வயதில், கிறிஸ்டியனின் 'சோலோ ஃப்ளைட்' இசைத்தட்டைக் கேட்ட பிறகு. இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. தட்டை ஓடவிட்டு ஓடவிட்டு கிறிஸ்டியனின் சோலோக்களைச் சுரம் சுரமாகப் பிடித்தார். சொந்த ஊரான இண்டியானாபொலிஸில் ஒரு கிளப் அவரை வேலைக்கு எடுத்ததே அந்த சோலோக்களை வாசிக்கத்தான். தெரிந்தவை தீர்ந்ததும் மேடையை விட்டு இறங்கிவிடுவார். கர்நாடக சங்கீதத்தில் பாடாந்தரம் என்று பெருமையாகச் சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். குரு மட்டும் இசைத்தட்டுக்குள் இருந்தார்.

## எதை வைத்து அளப்பது

யார் பெரியவர் என்ற சண்டை இங்கே வேண்டாம். கற்றுக்கொள்பவருக்கு என்ன ஆகும் என்பதை மட்டும் பார்ப்போம். நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன்.

முதலாவது காது. அவருடைய சோலோவை வாயால் பாட முடிகிறதா? பாட முடியாததைக் கையால் பிடித்தால் அது ஒரு மாதத்தில் மறந்துவிடும். இரண்டாவது கை: அவருடைய முறையைப் பழக உங்கள் இரு கைகளும் எவ்வளவு மாற வேண்டியிருக்கும்? மூன்றாவது துணை. தனியாக அறையில் உட்கார்ந்து வாசித்தாலும் அந்தப் பாணி நிற்குமா, இல்லை இன்னொருவர் கட்டாயம் வேண்டுமா? நான்காவது ஒட்டல். ஒரு பாணியைப் பிடிப்பதைவிட அதைக் கழற்றுவது கஷ்டமாக இருக்கும். சிலருடையது மஞ்சள் கறை போல, துவைத்தாலும் போகாது. ஐந்தாவது, அவர் வழியாக வேறு யாரிடம் போய்ச் சேரலாம் என்பது. இந்தக் கடைசியைத்தான் யாரும் யோசிப்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

## சார்லி கிறிஸ்டியன் (1916–1942)

டெக்சாஸில் பிறந்து ஓக்லஹோமா நகரத்தில் வளர்ந்தவர். 1939 ஆகஸ்டில் கிளாரினெட்காரர் பென்னி குட்மனின் குழுவுக்கு வந்தார். குட்மனுக்கு முதலில் இஷ்டமே இல்லை; இந்தப் பையனுக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்து 'ரோஸ் ரூம்' பாட்டை எடுத்தார், அது முக்கால் மணி நேரம் போல நீண்டது என்பது ஜாஸ் உலகில் எல்லோரும் சொல்லும் கதை. இரண்டு ஆண்டுகூட முழுசாக வாசிக்கவில்லை. காசநோய் வந்து 1942 மார்ச்சில் இறந்தபோது வயது 25.

அவருக்கு முன்பு கூட்டுக்குழுவில் கிட்டார் என்றால் பின்னால் உட்கார்ந்து தாளத்துக்குக் கார்டு அடிப்பது. பித்தளைச் சத்தத்தில் அது காதில் விழுந்தாலே பெரிய விஷயம். கிப்சன் 1936-இல் கொண்டுவந்த ஈஎஸ்-150 மின்கிட்டாரை வைத்துக்கொண்டு, சாக்ஸபோன்காரர் எழுந்து நின்று ஊதுகிற மாதிரி இவர் ஒற்றைச் சுர வரிகளை வாசித்தார். மாதிரி மட்டும் என்ன, மூலமே சாக்ஸபோன்தான். லெஸ்டர் யங்கைக் கேட்டு வளர்ந்தவர்.

கற்பவருக்கு இவரால் கிடைக்கும் முதல் லாபம் நீளம். அன்றைய இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம்; அதற்குள் ஆறேழு பேர் வாசிக்க வேண்டும். கிறிஸ்டியனின் பங்கு பெரும்பாலும் அரை நிமிடம், முக்கால் நிமிடம். முழு சோலோ ஒன்றை இரண்டு வாரத்தில் முடித்து 'இது எனக்குத் தெரியும்' என்று சொல்லலாம். ஆரம்பத்தில் இந்தத் திருப்தி எவ்வளவு பெரிய உந்துதல் என்பது பாதியில் விட்ட பத்து சோலோக்களைக் கையில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது லாபம் கையில் இருக்கிறது. அவர் வரி ஒன்றைப் பிடிக்கும்போது, அந்த இடத்துக் கார்டை இடது கையில் சும்மா பிடித்துப் பாருங்கள். வாசிக்க வேண்டிய சுரங்களில் பெரும்பகுதி அந்தப் பிடிக்குள்ளேயே இருக்கும்; மிச்சம் ஒரு ஃபிரெட் (கிட்டார் கழுத்தில் உள்ள கட்டம்) மேலே அல்லது கீழே. கை ஓடுவதில்லை, ஒரு கார்டு வடிவத்திலிருந்து அடுத்ததற்கு நகர்கிறது. 'செவன் கம் இலெவன்' சோலோவில் இதை முதன்முதலாகக் கண்டுபிடித்த அன்று ராத்திரி, அதுவரை நான் மனப்பாடம் செய்திருந்த ஸ்கேல் வரைபடங்களை மேசையிலிருந்து எடுத்து உள்ளே வைத்தேன்.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. பழைய பதிவுகளில் சுருதி இன்றைய சுருதியோடு சரியாகப் பொருந்தாமல் போகும். கால் சுரம் தள்ளி நிற்கும். ட்யூனரை மூடிவிட்டு, பதிவோடு சேர்த்துக் கிட்டாரைச் சுருதி சேர்க்க வேண்டும். பிக்கை (தந்தியை மீட்டும் சிறு வில்லை) பெரும்பாலும் கீழ்நோக்கியே அடிப்பவர் அவர். அதே முறையைப் பழகினால் தாளம் உறுதியாகும், வேகம் ஓர் இடத்தில் நின்றுவிடும். அதைவிடப் பெரியது, அவருடைய சொற்கள் எல்லோருடைய சொற்களாகிவிட்டன என்பது. அவரை மட்டுமே வாசித்தால் 1940-ஆம் ஆண்டில் உறைந்த மாதிரி இருக்கும்.

இந்த ஆபத்தை அன்றே ஒருவர் நேரில் பார்த்தார். ஓக்லஹோமாவைச் சேர்ந்த பார்னி கெஸ்ஸல் பதின்ம வயதில் கிறிஸ்டியனோடு சேர்ந்து வாசிக்க வாய்ப்புக் கிடைத்தவர். எதிரே கிறிஸ்டியன், தன் கையில் இருப்பதும் கிறிஸ்டியனின் வரிகள்தான். தனக்கென்று ஏதாவது வேண்டும் என்று அன்று உறைத்ததாகக் கெஸ்ஸல் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

யாருக்கு ஏற்றவர்: காது இன்னும் பழகாதவர், ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் மட்டும் கிடைப்பவர், ராக்கிலிருந்து ஜாஸுக்கு வருபவர். குட்மன் பதிவுகளை முடித்தவர்களுக்கு 1941-இல் ஹார்லெமின் மின்டன்ஸ் விடுதியில் எடுத்த பதிவுகள் இருக்கின்றன. அங்கே மூன்று நிமிடக் கட்டு இல்லை. கோரஸ் (பாட்டின் ஒரு முழுச் சுற்று) மேல் கோரஸாக வாசித்துக்கொண்டே போவார்.

## ஜாங்கோ ரைன்ஹார்ட் (1910–1953)

பெல்ஜியத்தில் பிறந்த ஜிப்சி. 1928 நவம்பரில் அவர் குடியிருந்த வண்டி தீப்பிடித்து இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் சுருங்கிப்போயின. மிச்சமிருந்த இரண்டு விரலால் அவர் வாசித்ததை நாலு விரல் உள்ளவர்கள் இன்றும் துரத்திக்கொண்டிருக்கிறார்கள். 1934-இல் பாரிசில் வயலின்காரர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியோடு சேர்ந்து அமைத்த குழுவில் டிரம்ஸ் இல்லை, ஊதும் வாத்தியம் இல்லை, எல்லாமே தந்தி. அவரை ஜாஸுக்குள் இழுத்ததோ ஒரு டிரம்பெட்காரர், லூயி ஆம்ஸ்ட்ராங்.

எழுதுகிறவர்களில் பாதிப்பேர் இவரைத்தான் முதலில் தேர்ந்தெடுக்க நினைக்கிறார்கள். காரணம் புரிகிறது. கேட்டவுடன் ரத்தம் சூடாகிறது. 1937-இன் 'மைனர் ஸ்விங்' பெரும்பாலும் மூன்று கார்டுகளைச் சுற்றி வருகிறது: ஏ மைனர், டி மைனர், ஈ செவன். இவ்வளவுதானா என்று தோன்றும்.

இவ்வளவுதான் இல்லை. பிக் பிடிக்கும் முறையே வேறு: மணிக்கட்டு வளைந்து, கை கிட்டாரில் ஊன்றாமல் காற்றில் நிற்க வேண்டும், புதுத் தந்திக்குப் போகும்போதெல்லாம் கீழ்நோக்கிய அடி. ஏற்கெனவே மூன்று நாலு ஆண்டு வாசித்தவருக்கு வலது கையை முதலிலிருந்து கட்டுவது என்று அர்த்தம். பிறகு துணை. 'லா பொம்ப்' என்று சொல்லும் அந்தக் கார்டு அடி பின்னால் ஓடாவிட்டால் ஜாங்கோவின் வரி அந்தரத்தில் தொங்கும். யூடியூப்பில் பின்னணித் தடம் கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்து அடிக்கும்போது வருகிற உந்தல் அதில் வராது. தவிர, அந்த அடியை நீங்களே இருபது நிமிடம் அடித்துப் பார்த்தால் முன்கை கல்லாகிவிடும். அதையும் பழகாமல் சோலோ மட்டும் கேட்டால், அந்த வட்டத்தில் யாரும் பக்கத்தில் உட்கார விடமாட்டார்கள்.

இரண்டு விரலால் வாசிக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: ஒரே ஒரு சோலோவை அப்படி வாசித்துப் பாருங்கள். தந்தியின் குறுக்கே போகாமல் நீளவாட்டில் ஏன் ஓடினார், ஏன் அங்கே சறுக்கினார் என்று தெரியும். அதன் பிறகு உங்கள் விரல் வசதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒட்டலில் ஐவரில் இவருக்குத்தான் முதலிடம். ஜாங்கோவிடம் போனவர்கள் பலர் அங்கேயே வீடு கட்டிவிடுகிறார்கள். பிரெலி லாக்ரீன் சின்னப் பையனாக இருக்கும்போதே ஜாங்கோவை அப்படியே வாசித்துப் பெயர் வாங்கினார். பிறகு மின்கிட்டாரை எடுத்துக்கொண்டு ஃப்யூஷன் பக்கம் வெகுதூரம் போனார். இளமையில் ஜாங்கோவைக் கேட்டு வளர்ந்த இன்னொருவர் ஜான் மெக்லாஃப்லின். அவர் 1970-களில் எல். சங்கர், விக்கு விநாயக்ராம், ஜாகிர் உசேன் ஆகியோரோடு 'சக்தி' குழுவில் உட்கார்ந்து வாசித்ததைக் கேட்டால் ஜாங்கோவைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். ஆக, வெளியே வர வழி இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு லாக்ரீனோ மெக்லாஃப்லினோ தேவைப்படுகிறார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

யாருக்கு ஏற்றவர்: பக்கத்திலேயே ரிதம் கிட்டார் வாசிக்க நண்பர் இருப்பவர், ஆம்ப் இல்லாமல் வாசிக்க ஆசைப்படுபவர், பிக் பழக்கம் இன்னும் இறுகாதவர்.

## வெஸ் மான்ட்கோமரி (1923–1968)

இவரைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் சொந்தக் காயம் பேசும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெஸ் பிக் பயன்படுத்தவில்லை, கட்டைவிரலால் வாசித்தார். பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் கிளப், நடுவில் கிடைத்த நேரத்தில் வீட்டில் பயிற்சி. பிக்கின் சத்தம் மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கிறது என்பதால் விரலுக்கு மாறினார் என்பது அவரே சொன்ன காரணம். வீட்டில் ஏழு குழந்தைகள் வேறு. அந்தக் கட்டாயத்திலிருந்து பிறந்த ஒலி, வெண்ணெயில் கத்தி இறங்குவது போல.

அந்த ஒலிக்கு ஆசைப்பட்டு எட்டு மாதம் பிக்கைத் தொடவில்லை நான். முதல் மாதம் கொப்புளம். இரண்டாவது மாதம் அது உடைந்தது. நாலாவது மாதம் ஒலி கொஞ்சம் வந்தது, வேகம் போனது. எட்டாவது மாதம் நண்பர்களோடு ஒரு வேகமான பாட்டில் மாட்டிக்கொண்டு, பிக்கை எடுத்தால் அதுவும் கையில் நிற்கவில்லை. இரண்டு படகில் கால். வெஸ்ஸின் கட்டைவிரலில் காய்ப்பு ஒன்று இருந்தது, அந்த ஒலியின் கூர்மை அதிலிருந்துதான் வந்தது என்று கிட்டார்காரர் ஜார்ஜ் பென்சன் சொன்னதைப் பிறகுதான் படித்தேன். முன்னாடியே படித்திருக்கலாம்.

ஆகவே வெஸ்ஸில் எதை எடுப்பது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அவர் சோலோக்கள் பல மூன்று மாடி வீடு மாதிரி. முதலில் ஒற்றைச் சுர வரிகள். பிறகு ஆக்டேவ்: மேல் ஸ்தாயியிலும் கீழ் ஸ்தாயியிலும் ஒரே சுரம் ஒரே அடியில். கடைசியில் முழுக் கார்டுகளால் மெட்டுக் கட்டுவது. எல்லோரும் நேராக இரண்டாவது மாடிக்கு ஏறுகிறார்கள். ஆக்டேவ் பார்க்க எளிதாகத்தான் இருக்கிறது: ஆறாவது, நாலாவது தந்திகளில் பிடித்தால் விரல்களுக்கிடையே இரண்டு ஃபிரெட் தூரம், நாலாவது, இரண்டாவது தந்திக்கு வந்தால் மூன்று. நடுத்தந்தியை ஆட்காட்டி விரலின் அடிச்சதையால் அமுக்கி ஊமையாக்க வேண்டும். ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு நீங்கள் வாசிக்கிற எதிலும் இரண்டு பார் ஆக்டேவ் வந்தாலே கேட்பவர் "ஓ, வெஸ்" என்பார். அவ்வளவு பலமான கையெழுத்து அது. அதில் உங்கள் பெயரை எழுத முடியாது.

என் யோசனை: தரைத்தளத்தில் இருங்கள். 1960-இன் 'தி இன்க்ரெடிபிள் ஜாஸ் கிட்டார்' ஆல்பத்தில் 'டி-நேச்சுரல் ப்ளூஸ்' இருக்கிறது. பன்னிரண்டு பார், நிதானமான நடை. அதன் ஒற்றைச் சுர கோரஸ்களை உங்கள் பிக்காலேயே பிடியுங்கள். அவர் ஒரு வரியைக் கேள்வியாக விட்டு அடுத்த இரண்டு பாரில் பதில் சொல்வது கேட்கும். கட்டைவிரலைவிட இதுதான் வெஸ். அடியில் கிறிஸ்டியனும் கேட்பார். 1965-இன் 'ஸ்மோக்கின் அட் தி ஹாஃப் நோட்' பதிவை இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பியானோக்காரர் வின்டன் கெல்லியின் மூவர் குழு பின்னால் இருந்து தள்ளும் தள்ளலில் அவர் போகிற தூரம் புதியவரைப் பயமுறுத்திவிடும்.

கடைசி ஆண்டுகளில் பெரிய வாத்தியக் குழுவோடு செய்த வியாபார ஆல்பங்களைச் சீண்டாதீர்கள் என்று ரசிகர்கள் சொல்வார்கள். சோலோ கற்க அவை உதவாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெரிந்த ஒரு மெட்டை ஆக்டேவில் எப்படிப் பாட வைப்பது, எங்கே மூச்சு விடுவது என்று கற்க அவற்றைவிட நல்ல பாடம் இல்லை. கல்யாண மண்டபம், ஹோட்டல் என்று வாசித்துச் சம்பாதிப்பவர்களுக்கு அதுவே அதிகம் பயன்படும்.

வெஸ்ஸின் கறை போவது கஷ்டம் என்பதற்கு நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. கிட்டார்காரர் எமிலி ரெம்லர், வெளியே தான் ஒரு நியூ ஜெர்சி யூதப் பெண்ணாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது பெரிய கட்டைவிரல் கொண்ட ஐம்பது வயதுக் கறுப்பின மனிதர் என்று பத்திரிகைப் பேட்டியில் சிரித்துக்கொண்டே சொன்னவர். அவருடைய 1988 ஆல்பத்தின் பெயரே 'ஈஸ்ட் டு வெஸ்'. பாட் மெத்தினியோ பதின்ம வயதில் கட்டைவிரலும் ஆக்டேவுமாக வெஸ்ஸைப் போலவே வாசித்துவிட்டு, ஒரு கட்டத்தில் வேண்டுமென்றே நிறுத்தினார்.

யாருக்கு ஏற்றவர்: கிறிஸ்டியனின் நாலைந்து சோலோக்கள் கையில் இருப்பவர், மெதுவாக வாசிப்பதில் சலிப்படையாதவர்.

## கிராண்ட் கிரீன் (1935–1979)

செயின்ட் லூயிஸ்காரர். ஐவரில் மிகக் குறைவாக விளம்பரமானவர், கற்பவருக்கு மிக வசதியானவர். கார்டு சோலோ இல்லை, ஆக்டேவ் இல்லை. ஒற்றைச் சுரம், தெளிவாக, ப்ளூஸ் வாசனையோடு. சார்லி பார்க்கரின் சாக்ஸபோனைக் கேட்டு வரி கட்டியவர், கிறிஸ்டியனும் உள்ளே உண்டு. ஆம்ப்பில் பேஸையும் ட்ரெபிளையும் இறக்கி நடு ஒலியை மட்டும் ஏற்றிவிடுவார் என்று பென்சன் சொல்லியிருக்கிறார். செலவில்லாத பாடம், இன்றே செய்து பார்க்கலாம்.

1963 நவம்பரில் பதிவான 'ஐடில் மொமென்ட்ஸ்' பாட்டைக் கேளுங்கள். ஒரு கோரஸ் எத்தனை பார் என்பதில் குழுவுக்குள் குழப்பம். எல்லோரும் இரண்டு மடங்கு வாசிக்க, பாட்டு கிட்டத்தட்ட 15 நிமிடம் நீண்டது. மறுபடி எடுக்க மனம் வராமல் அதை அப்படியே வைத்துக்கொண்டு மற்றப் பாட்டுகளைச் சுருக்கினார்கள். அந்த நடையின் மெதுவில் கிரீனின் ஒவ்வொரு சுரத்தையும் எழுதிக்கொண்டே கேட்கலாம். அதே ஆல்பத்தில் ஜான் லூயிஸ் எழுதிய 'ஜாங்கோ' இருக்கிறது, ரைன்ஹார்ட்டின் நினைவாக எழுதியது. ஒரு வரிசை எப்படிக் கைமாறுகிறது என்பதற்கு ஒரே தட்டில் சான்று.

செலவு: ஒரே சொல்லைப் பத்து முறை திருப்பி வாசித்து இறுக்கம் ஏற்றுவது அவர் வழக்கம். பின்னால் ஆர்கனும் டிரம்ஸும் கொதிக்கும்போது அது சொக்க வைக்கும். தனியறையில் நீங்கள் செய்தால் ஊசி தேய்ந்த தட்டு. கார்டு பிடித்து மற்றவருக்குத் துணை போவதையும் அவரிடம் அதிகம் கற்க முடியாது.

## ஜிம் ஹால் (1930–2013)

பதின்மூன்று வயதில் கிறிஸ்டியனின் 'கிராண்ட் ஸ்லாம்' சோலோவைக் கேட்டுத் திசை மாறியவர். கிளீவ்லாந்தில் முறையாக இசை படித்தார். காதில் இருந்ததோ கோல்மன் ஹாகின்ஸ், பென் வெப்ஸ்டர் போன்ற டெனர் சாக்ஸபோன்காரர்கள். சாக்ஸபோன்காரர் சோனி ரோலின்ஸின் 'தி பிரிட்ஜ்', பியானோக்காரர் பில் எவன்ஸோடு இருவர் மட்டும் வாசித்த 'அண்டர்கரண்ட்' இரண்டும் 1962-இல் பதிவானவை.

ஹாலைக் கேட்டு "இதில் என்ன இருக்கிறது, நானே வாசிப்பேன்" என்று எழுதியவர் ஒருவர் உண்டு. சுரத்தைப் பொறுத்தவரை அது உண்மை. மூன்று சுரத்தை எடுத்து, திருப்பி, ஒரு பீட் தள்ளி, தலைகீழாக்கி ஒரு கோரஸ் முழுவதும் அதையே வளர்ப்பார். இடது கையாலேயே சுரங்களைக் கோப்பதால் பிக்கின் சத்தமும் அதிகம் இல்லை. காதுக்கு எளிது, கைக்கு எளிது. எங்கே வலிக்கும் என்றால், அந்தச் சுரம் அந்த இடத்தில் ஏன் வந்தது என்ற கேள்வியில். பதில் அவரிடம் இருக்காது, கூட வாசிப்பவரிடம் இருக்கும். 'அண்டர்கரண்ட்' ஆல்பத்தில் 'மை ஃபன்னி வேலன்டைன்' வேகமாகப் போகிறது. எவன்ஸ் பியானோவில் சோலோ எடுக்கும்போது ஹால் மென்மையாக நாலு பீட்டுக்கும் கார்டு அடிக்கிறார், பழைய கூட்டுக்குழுக் கிட்டார்காரர் மாதிரி. அந்த இடத்தைக் காப்பியடிக்க உங்களுக்கு ஒரு பில் எவன்ஸ் வேண்டாம். பியானோ வாசிக்கும் ஒரு நண்பர் வேண்டும். அவர் இல்லாமல் ஹாலைப் பழகுவது, டெலிஃபோனில் ஒரு பக்கப் பேச்சை மட்டும் கேட்டு எழுதிக்கொள்வது போல.

ஒட்டல் இவரிடம் குறைவு. இவரிடம் எடுப்பது யோசிக்கும் முறை என்பதால், பில் ஃப்ரிஸெல், ஜான் ஸ்கோஃபீல்ட், மெத்தினி மூவரும் ஹாலிடம் கடன்பட்டவர்கள். மூவரும் ஒருவர்போல் ஒருவர் ஒலிப்பதில்லை.

## ஒரே பார்வையில்

| | கிறிஸ்டியன் | ஜாங்கோ | வெஸ் | கிரீன் | ஹால் |
|---|---|---|---|---|---|
| காதால் பிடிப்பது | எளிது, சோலோ குறுகியது. பதிவு பழசு | வேகத்தால் கடினம் | ஒற்றைச் சுரம் நடுத்தரம், கார்டு கடினம் | மிக எளிது | சுரம் எளிது, காரணம் கடினம் |
| கை மாற்றம் | குறைவு | மிக அதிகம் | கட்டைவிரல் என்றால் அதிகம், பிக் என்றால் குறைவு | குறைவு | குறைவு, இடது கை வேலை கூடுதல் |
| துணை | மெட்ரோனோம் போதும் | ரிதம் கிட்டார் கட்டாயம் | பின்னணித் தடம் போதும் | ஆர்கன், டிரம்ஸ் இருந்தால் நல்லது | காது கொடுக்கும் ஒரு ஆள் கட்டாயம் |
| ஒட்டல் | நடுத்தரம், 1940 வாசனை | மிக அதிகம் | அதிகம், ஆக்டேவ் வழியாக | நடுத்தரம் | குறைவு |
| வழியில் யார் | லெஸ்டர் யங். பின்னாளில் வெஸ், கிரீன், ஹால் | ஆம்ஸ்ட்ராங் | கிறிஸ்டியன். பின்னாளில் பென்சன், மெத்தினி | பார்க்கர், கிறிஸ்டியன் | ஹாகின்ஸ், வெப்ஸ்டர், கிறிஸ்டியன் |

கடைசி வரிசையில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வருகிறதே, அதனால்தான் நான் கிறிஸ்டியன் பக்கம் சாய்கிறேன். அவரிடம் ஆறு மாதம் செலவழித்தவர் வெஸ்ஸையோ கிரீனையோ ஹாலையோ கேட்கும்போது பாதி சொற்கள் ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஜாங்கோ மட்டும் தனித்தெரு. அங்கே போனால் மற்ற நாலு பேருக்கும் வழி சுற்று.

என் சாய்வு தவறாகிற இடங்களும் உண்டு. கிறிஸ்டியனைக் கேட்டு உங்களுக்கு எதுவும் ஆகவில்லை, பழைய பதிவின் கரகரப்பு மட்டுமே கேட்கிறது என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். கிரீனிடம் போங்கள், அதே சொற்கள் நல்ல ஒலிப்பதிவில் கிடைக்கும். வாரம் தவறாமல் கூடும் தந்தி வாத்தியக் கூட்டம் உங்கள் ஊரில் இருந்தால் ஜாங்கோதான். ஆட்கள் இருப்பது எந்தப் பாடத்திட்டத்தைவிடவும் பெரிய வசதி. நன்றாக வாசிக்கத் தெரிந்தும் "அதிகமாக வாசிக்கிறாய்" என்று நண்பர்களிடம் திட்டு வாங்குபவர் நேராக ஹாலிடம் போகலாம். ராத்திரி பதினொரு மணிக்குச் சத்தம் வராமல்தான் வாசிக்க முடியும் என்றால், சரி, வெஸ்ஸின் கட்டைவிரல். அவரும் அதற்காகத்தான் ஆரம்பித்தார்.

யாரை எடுத்தாலும் ஒருவரோடு குறைந்தது நாலு மாதம், மூன்று முழு சோலோ. யூடியூப்பில் வேகத்தை 0.75-க்கு இறக்கிக்கொள்ளலாம், வெட்கமில்லை. டேப் (எந்தத் தந்தியில் எந்த ஃபிரெட் என்ற குறிப்பு) எழுதி வைத்திருப்பதைப் பார்ப்பதுதான் கூடாது. கிட்டாரை உறையிலேயே வைத்துவிட்டு, பேருந்தில் போகும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் முதல் எட்டுப் பாரைப் பதிவோடு சேர்ந்து முனகுங்கள். பதிவை நிறுத்திய பிறகும் அதே தாளத்தில் வாய் முனகும் அன்று உறையைத் திறக்கலாம்.